வேகம் இரட்டித்தால் இயக்கசக்தி ஏன் நான்கு மடங்காகிறது?

திருகோணமலை நகரத்துக்குள் வாகனம் ஓட்டுபவர்களுக்கு மான்களைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரட்றிக் கோட்டைக்குள்ளும் அதன் வெளிப்புறத்திலும் புள்ளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. அவை வீதியோரங்களிலும் சுதந்திரமாகத் திரிவதால், எந்தக் கணத்தில் எது குறுக்கே பாயும் என்று எவராலும் கூற முடியாது. இப்போது ஒரே மாதிரியான இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர்; மற்றதன் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். முன்னால் ஒரு மான் நிற்கிறது. இரண்டு சாரதிகளும் ஒரே இடத்தில், ஒரே அளவு இறுக்கமாகப் பிரேக் பிடிக்கிறார்கள். 50இல் வந்த கார் மானை மயிரிழையில் தொடாமல் நின்றுவிடுகிறது. 70இல் வந்த கார் மானை எந்த வேகத்தில் மோதும்?

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும், எழுபதில் ஐம்பதைக் கழித்து, மணிக்கு 20 கிலோமீற்றர் என்ற விடையே பெரும்பாலும் வருகிறது. சரியான விடை, மணிக்கு ஏறத்தாழ 49 கிலோமீற்றர். முதற்கார் முழுவதுமாக நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் தாண்டும்போது, முதற்கார் பிரேக் பிடிக்கத் தொடங்கியபோது இருந்த வேகத்தைக் கிட்டத்தட்ட அப்படியே கொண்டிருக்கிறது. கேட்பவர் நம்ப மறுக்கும் அளவுக்கு இது வினோதமாகத் தோன்றினாலும், இதன் பின்னால் மாயம் ஏதும் இல்லை. திணிவும் வேகமும் சேர்ந்து ஒரு பொருளின் இயக்கசக்தியை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதைப் படிப்படியாகப் பார்த்தால், 49 என்ற எண் தானாகவே வந்து சேரும்.

முதலில் இயக்கசக்தி என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நகரும் பொருளொன்று, நகர்கிறது என்ற ஒரே காரணத்தால் கொண்டிருக்கும் சக்தியே அதன் இயக்கசக்தி. சக்தி என்பதை வேலை செய்யும் ஆற்றல் என்று பாடநூல்கள் கூறும். பௌதிகவியலில் வேலை என்பது, ஒரு விசை ஒரு பொருளை அந்த விசையின் திசையில் எவ்வளவு தூரம் நகர்த்துகிறது என்பதைக் கொண்டு அளக்கப்படுவது. விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வேலை கிடைக்கும். விசை நியூற்றனிலும் தூரம் மீற்றரிலும் இருந்தால், வேலை யூல் என்ற அலகில் வரும். நூறு கிராம் பொருளொன்றை நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கச் செய்யும் வேலை ஏறத்தாழ ஒரு யூல். ஓய்விலிருக்கும் ஒரு பொருளைக் குறித்த ஒரு வேகத்துக்குக் கொண்டுவரச் செய்த வேலை முழுவதும் அதன் இயக்கசக்தியாக அதனுள் இருக்கிறது. அப்பொருளை மீண்டும் ஓய்வுக்குக் கொண்டுவர வேண்டுமானால், அதே அளவு வேலையை எதிர்த்திசையில் யாராவது அல்லது ஏதாவது செய்தாக வேண்டும். பிரேக் செய்வது அதைத்தான்; பிரேக் செய்யத் தவறினால் மதிலோ மரமோ மானோ அதைச் செய்யும்.

திணிவின் பங்கு எளிமையானது. ஒரே வேகத்தில் செல்லும் இரண்டு மோட்டார் சைக்கிள்களைச் சேர்த்துப் பார்த்தால், அவற்றின் மொத்த இயக்கசக்தி ஒன்றினுடையதைப் போல் இரு மடங்கு என்பதில் ஒருவருக்கும் ஐயம் இராது. அவற்றை ஒன்றாகக் கட்டி ஒரே பொருளாக்கினாலும் அந்தக் கணக்கு மாறப்போவதில்லை. எனவே வேகம் மாறாதிருக்க, திணிவு இரட்டித்தால் இயக்கசக்தியும் இரட்டிக்கும். திணிவு மூன்று மடங்கானால் இயக்கசக்தியும் மூன்று மடங்காகும். சிக்கல் முழுவதும் வேகத்திலேயே இருக்கிறது.

வேகத்தின் பங்கை விளங்கிக்கொள்வதற்கு, ஒரு வாகனம் நிற்கும் விதத்தைக் கவனிப்பதே நல்ல வழி. மோட்டார் சைக்கிள் ஒன்று செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் செல்கிறது. சாரதி சீராகப் பிரேக் பிடிக்க, ஒவ்வொரு செக்கனிலும் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் குறைகிறது. அது நிற்க 2 செக்கன் எடுக்கும். அந்த 2 செக்கனுக்குள் வேகம் 10இலிருந்து பூச்சியத்துக்குச் சீராக இறங்குவதால், சராசரி வேகம் செக்கனுக்கு 5 மீற்றர். ஆகவே அது 10 மீற்றர் ஓடி நிற்கும். இப்போது அதே மோட்டார் சைக்கிள் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் வருகிறது. பிரேக்கின் இறுக்கம் முன்போலவே இருக்கிறது. இழக்க வேண்டிய வேகம் இரு மடங்கு என்பதால் நிற்கும் நேரமும் இரு மடங்காகி 4 செக்கன் ஆகிறது. எனினும் அந்த 4 செக்கனிலும் அது முன்பைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சராசரி வேகம் செக்கனுக்கு 10 மீற்றர். எனவே நிற்பதற்குள் 40 மீற்றர் ஓடிவிடுகிறது. நேரம் இரு மடங்கு, அந்த நேரத்தில் ஓடும் சராசரி வேகமும் இரு மடங்கு. இரண்டும் பெருகித் தூரம் நான்கு மடங்காகிவிட்டது. பிரேக்கின் விசை மாறவில்லை, அது செயற்பட்ட தூரம் நான்கு மடங்கு. ஆகையால் பிரேக் செய்த வேலையும் நான்கு மடங்கு. அவ்வளவு வேலையைச் செய்துதான் வண்டியை நிறுத்த முடிந்தது என்றால், வண்டியில் இருந்த இயக்கசக்தியும் நான்கு மடங்காகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்த ஒரு பந்தியைச் சரியாகப் பிடித்துக்கொண்டவருக்குச் சமன்பாட்டை மனப்பாடம் செய்யும் தேவை இல்லை. வேகம் கணக்கில் இரு தடவை நுழைகிறது: நிற்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதில் ஒரு தடவை, அந்த நேரத்தில் எவ்வளவு விரைவாக ஓடும் என்பதில் மறு தடவை. இதையே பொதுவாக எழுதிப் பார்ப்போம். நிறுத்தும் விசை என்பது திணிவை அமர்முடுகலால் பெருக்கிய பெறுமானம். அமர்முடுகல் என்பது வேகத்தை நிற்கும் நேரத்தால் வகுத்த பெறுமானம். ஓடும் தூரமோ வேகத்தின் அரைவாசியை அதே நேரத்தால் பெருக்கிய பெறுமானம். விசையையும் தூரத்தையும் பெருக்கும்போது, ஒன்றில் வகுத்த நேரமும் மற்றதில் பெருக்கிய நேரமும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. மிஞ்சுவது இதுதான்:

இயக்கசக்தி = ½ × திணிவு × வேகம் × வேகம்

நேரம் காணாமற் போய்விட்டதைக் கவனியுங்கள். மெதுவாகப் பிரேக் பிடித்தாலும் திடீரென்று பிடித்தாலும் அகற்ற வேண்டிய சக்தி ஒன்றுதான் என்பதை அது காட்டுகிறது. முன்னால் நிற்கும் அந்த ½, மாணவர்கள் பலரை உறுத்துகின்ற ஒன்று. அது எங்கிருந்து வந்தது என்றும் இப்போது தெரிகிறது. வேகம் முழு அளவிலிருந்து பூச்சியத்துக்குச் சீராக இறங்கும்போது சராசரி வேகம் தொடக்க வேகத்தின் அரைவாசி அல்லவா, அந்த அரைவாசியே இது.

எண்களை இடும்போது ஓர் எச்சரிக்கை. விடை யூலில் வர வேண்டுமானால் திணிவு கிலோகிராமிலும் வேகம் செக்கனுக்கு மீற்றரிலும் இருக்க வேண்டும். மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று வேகமானியில் தெரியும் எண்ணை 3.6ஆல் வகுத்தால் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று வரும். மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 10 மீற்றர். மணிக்கு 72 என்பது செக்கனுக்கு 20. இந்த இரண்டையும் நினைவில் வைத்திருந்தால் பெரும்பாலான கணக்குகளை மனத்திலேயே செய்துவிடலாம். சாரதியோடு சேர்த்து 200 கிலோகிராம் திணிவுள்ள ஒரு மோட்டார் சைக்கிள் மணிக்கு 36இல் செல்லும்போது அதன் இயக்கசக்தி 10,000 யூல். 72இல் செல்லும்போது 40,000 யூல். 10 தொன் திணிவுள்ள பஸ் ஒன்று 40,000 யூல் இயக்கசக்தியைப் பெறுவதற்கு மணிக்கு 10 கிலோமீற்றர் அளவில் ஊர்ந்தாலே போதும். பஸ்ஸின் திணிவு 50 மடங்காக இருந்தும், வேக வித்தியாசம் ஏழு மடங்கு அளவில் இருந்தாலே மோட்டார் சைக்கிள் அதற்கு ஈடாகிவிடுகிறது. ஏழை ஏழால் பெருக்கினால் 49 அல்லவா.

இனி மானுக்கு முன்னால் நின்ற காருக்கு வருவோம். திணிவு இரண்டு கார்களுக்கும் சமம் என்பதால் வேகங்களின் வர்க்கங்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். 50ஐ 50ஆல் பெருக்க 2,500. 70ஐ 70ஆல் பெருக்க 4,900. மான் நின்ற இடத்தை அடைவதற்குள் இரண்டு பிரேக்குகளும் ஒரே விசையுடன் ஒரே தூரத்துக்குச் செயற்பட்டிருப்பதால், இரண்டு கார்களிடமிருந்தும் 2,500 பங்கு சக்தியே எடுக்கப்பட்டிருக்கிறது. முதற்காரில் எதுவும் மீதி இல்லை. இரண்டாவது காரில் 2,400 பங்கு மீதி இருக்கிறது. 2,400இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 49. 50ஐ விடப் பத்து மட்டும் கூட்டி 60இல் வந்திருந்தாலும் மீதி 1,100 பங்கு, அதாவது மணிக்கு 33 கிலோமீற்றர் வேகத்தில் மோதல்.

உண்மையான வீதியில் நிலைமை இதைவிட மோசம். மானைக் கண்ட கணத்துக்கும் கால் பிரேக்கை அழுத்தும் கணத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு செக்கன் கழிகிறது. அந்த ஒரு செக்கனில் 50இல் வரும் கார் 14 மீற்றரும் 70இல் வரும் கார் 19 மீற்றருக்குச் சற்று மேலும் ஓடிவிடும். உலர்ந்த தார் வீதியில் நல்ல பிரேக்குடன் செக்கனுக்குச் செக்கன் 7 மீற்றர் வீதம் வேகம் குறைகிறது என்று கொண்டால், 50இல் வரும் கார் மானைக் கண்ட இடத்திலிருந்து மொத்தம் 28 மீற்றர் அளவில் நிற்கும். 70இல் வரும் காருக்கு அந்த 28 மீற்றருக்குள் பிரேக் பிடிக்க 8 மீற்றர் அளவே எஞ்சுவதால், அது மணிக்கு 58 கிலோமீற்றர் வேகத்தில் மோதும். இலங்கையில் கார்களுக்குக் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 50 என்றும் அதற்கு வெளியே 70 என்றும் வேக எல்லை வகுக்கப்பட்டிருப்பதைப் பலர் சிறிய வித்தியாசமாகவே நினைக்கிறார்கள். இருபது கிலோமீற்றர் கூடும்போது சக்தி கிட்டத்தட்ட இரு மடங்காகிறது என்பதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தவர் அப்படி நினைக்க மாட்டார்.

இதை ஏட்டுக் கணக்காக மட்டும் ஏற்றுக்கொள்ள மனம் ஒப்பாதவர்கள் வீட்டிலேயே சரிபார்க்கலாம். நீளமான தவாளிப்புள்ள மரப்பலகை அல்லது வளைக்கப்பட்ட மட்டை ஒன்றை மேசையின் மேல் சில புத்தகங்களில் சாய்த்து வைத்து, அதன் வழியே கண்ணாடிப் போளை ஒன்றை உருட்டிவிட வேண்டும். சாய்வின் அடியிலிருந்து மேசையின் விளிம்புவரை சிறிது தூரம் போளை மட்டமாக ஓடி, விளிம்பைத் தாண்டி நிலத்தில் விழும். மேசையின் உயரம் மாறாததால் போளை வானில் இருக்கும் நேரம் எப்போதும் ஒன்றுதான். ஆகையால் அது மேசைக் காலிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதோ அதுவே அதன் வேகத்துக்கான அளவுகோல். விழும் இடம் தெரிவதற்கு நிலத்தில் ஈரமணலைப் பரப்பிவைத்தால் போளை ஒரு சிறு குழியைப் பதித்துவிட்டுப் போகும். சாய்வில் 5 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்தும் பின்னர் 20 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்தும் உருட்டிவிட்டுப் பார்த்தால், இரண்டாவது குழி முதற்குழியைப் போல் இரு மடங்கு தூரத்தில் இருக்கும். உயரம் நான்கு மடங்கு, வேகமோ இரு மடங்கு. அடுத்து, சாய்வின் அடியில் மேசையின் மேல் வெறும் தீப்பெட்டி ஒன்றை வாய் திறந்தபடி வைத்து, போளை அதற்குள் புகுந்து அதைத் தள்ளிச் செல்லும்படி செய்ய வேண்டும். இப்போது தீப்பெட்டி சறுக்கிய தூரத்தை அளந்தால், 20 சென்ரிமீற்றரிலிருந்து வந்த போளை அதை 5 சென்ரிமீற்றரிலிருந்து வந்ததைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு தூரம் தள்ளியிருப்பது தெரியும். மேசையின் உராய்வு விசை இரு தடவையும் ஒன்றே; தள்ளிய தூரம் நான்கு மடங்கு; எனவே இரு மடங்கு வேகத்தில் வந்த போளை செய்த வேலை நான்கு மடங்கு. மேசை வழவழப்பாக இருந்தால் அளவீடுகள் நன்றாகப் பொருந்தும். துணி விரித்த மேசையில் எண்கள் ஒழுங்கற்று அலையும்.

இதே கேள்விக்கு விடை காண ஐரோப்பாவின் அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வாதிட்டிருக்கிறார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நகரும் பொருளின் வலிமையைத் திணிவையும் வேகத்தையும் பெருக்கி அளக்க வேண்டும் என்பது டேக்கார்ட்டின் வழியில் வந்தவர்களின் கொள்கை. திணிவையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கியே அளக்க வேண்டும் என்று 1686இல் லைப்னிற்ஸ் எதிர்வாதம் வைத்தார். 1720களில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்கிராவ்சாண்ட, பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மென்மையான களிமண்ணில் விழவிட்டுப் பள்ளங்களை அளந்தபோது, வேகம் இரட்டித்தால் பள்ளம் நான்கு மடங்காவதைக் கண்டார். பிரான்சில் எமிலி டு சாத்தலே 1740இல் வெளியிட்ட தமது நூலில் இந்தச் சோதனைகளை எடுத்துக்காட்டி லைப்னிற்சின் பக்கத்தை ஆதரித்து எழுதினார். முன்னால் வரும் ½ இன்றியே அன்றைய விவாதம் நடந்தது. வேலை என்ற கருத்தைத் துல்லியமாக வரையறுத்து, அந்த ½ஐயும் சேர்த்து இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் 1829இல் கொரியோலிஸ்.

உண்மையில் இரு தரப்பும் வெவ்வேறு இரண்டு கணியங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. திணிவையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். அது ஒரு விசை எவ்வளவு நேரம் செயற்பட வேண்டும் என்பதைச் சொல்கிறது. இயக்கசக்தி, அந்த விசை எவ்வளவு தூரம் செயற்பட வேண்டும் என்பதைச் சொல்கிறது. இந்த வேறுபாட்டைப் பார்க்க எங்கள் துறைமுகத்தைவிட நல்ல இடம் கிடையாது. சீனக்குடாப் பக்கத்து மா ஆலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பல் ஒன்றின் மொத்தத் திணிவு 50,000 தொன் என்றும், அது இறங்குதுறையை நெருங்கும்போது செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் மட்டுமே நகர்கிறது என்றும் கொள்வோம். அதனுடன் இழுபடும் நீரின் திணிவை இப்போதைக்கு விட்டுவிடுவோம். அதன் இயக்கசக்தி 250,000 யூல். அதே சீனக்குடாவிலிருந்து 200 மூடை சீமெந்து ஏற்றிய லொறி ஒன்று புறப்படுகிறது. மூடை 50 கிலோகிராம் வீதம் சுமை 10 தொன், லொறியின் சொந்தத் திணிவு 5 தொன், ஆக 15 தொன். வேகம் மணிக்கு 54 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 15 மீற்றர். அதன் இயக்கசக்தி 1,687,500 யூல். மலைபோல் நிற்கும் கப்பலிலும் பார்க்க லொறியிடம் ஏழு மடங்கு அளவு இயக்கசக்தி இருக்கிறது. உந்தத்தை எடுத்தாலோ, கப்பலினுடையது லொறியினுடையதைப் போல் 22 மடங்கு.

இரண்டையும் ஒரே விசையால், ஓர் இலட்சம் நியூற்றனால் நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். இது 10 தொன் பாரத்துக்குச் சமமான விசை. கப்பல் நிற்க 50 செக்கன் எடுக்கும், எனினும் அதற்குள் அது இரண்டரை மீற்றர் மட்டுமே நகரும். லொறி இரண்டேகால் செக்கனில் நின்றுவிடும், ஆனால் அதற்குள் 17 மீற்றர் ஓடிவிடும். நேரத்தைப் பார்ப்பவருக்குக் கப்பலே நிறுத்தக் கடினமானது. தூரத்தைப் பார்ப்பவருக்கு லொறியே கடினமானது. இரண்டு கூற்றுகளும் சரியானவை. இறங்குதுறையின் விளிம்பில் பொருத்தப்பட்டிருக்கும் பெரிய இறப்பர் தாங்கிகள் சிறிதளவே அமுங்கக்கூடியவை. அந்தச் சிறிய தூரத்துக்குள் கப்பலின் இயக்கசக்தி முழுவதையும் அவை உறிஞ்ச வேண்டும். கப்பலின் வேகம் செக்கனுக்கு 10இலிருந்து 20 சென்ரிமீற்றராக உயர்ந்தால், கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது, தாங்கி உறிஞ்ச வேண்டிய சக்தியோ பத்து இலட்சம் யூலாகிவிடும். இழுவைப் படகுகளின் துணையோடு கப்பலை ஆமை வேகத்தில் கரைசேர்ப்பதன் காரணம் இதுவே.

லொறியைக் குறிப்பிட்டதால் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். திணிவு கூடினால் இயக்கசக்தி கூடுகிறது என்றால், சுமை ஏற்றிய லொறி நிற்க அதே விகிதத்தில் அதிக தூரம் வேண்டும் அல்லவா என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். பிரேக்கின் விசை மாறாது இருந்தால் அப்படித்தான். ஆனால் வாகனத்தை நிறுத்துவது இறுதியில் ரயருக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வு. வாகனத்தின் பாரம் கூடும்போது அந்த உராய்வின் எல்லையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது. அதனால் பிரேக் தொகுதி நல்ல நிலையில் இருக்கும்வரை, வெறும் லொறியும் சுமை ஏற்றிய லொறியும் நிற்கும் தூரங்களில் மூன்று மடங்கு வித்தியாசம் ஏற்படுவதில்லை. வித்தியாசம் வெப்பத்தில் வெளிப்படுகிறது. அகற்றப்படும் இயக்கசக்தி அழிந்துபோவதில்லை. பிரேக்கின் இரும்பிலும் அதை உரசும் பட்டையிலும் வெப்பமாக மாறுகிறது. மேற்சொன்ன லொறி ஒரு தடவை நிற்கும்போது வெளியாகும் வெப்பம், ஐந்தரை லீற்றருக்கும் சற்றுக் கூடுதலான நீரை 30 பாகை செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. நீண்ட இறக்கத்தில் மீண்டும் மீண்டும் பிரேக் பிடித்தால் இரும்பு ஆறுவதற்கு நேரமின்றிச் சூடேறி, பட்டையின் பிடிமானம் தளர்ந்துவிடும். அனுபவமுள்ள லொறிச் சாரதிகள் இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குவது இந்த வெப்பத்தைப் பிரேக்குக்கு விடாமல் என்ஜினிடம் ஒப்படைப்பதற்காகவே.

வேகத்தின் கனதியை உணர்வதற்கு அதை உயரமாக மாற்றிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வழி. மேலிருந்து விழும் பொருள் இழக்கும் அழுத்தசக்தி (உயரத்தில் இருப்பதால் அது கொண்டிருந்த சக்தி), வளித்தடையைப் புறக்கணித்தால், முழுவதும் இயக்கசக்தியாக மாறுகிறது. மணிக்கு 50 கிலோமீற்றரில் மோதுவது ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்; 70இல் மோதுவது 19 மீற்றருக்குச் சற்று மேலிருந்து விழுவதற்குச் சமம். கோணேசர் கோயில் அமைந்திருக்கும் சுவாமி மலையின் செங்குத்தை நூறு மீற்றர் என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து கடலை நோக்கி விழும் ஒரு கல் நீர்மட்டத்தை அடையும்போது அதன் வேகம் மணிக்கு 160 கிலோமீற்றர் அளவில் இருக்கும். கல் பெரிதா சிறிதா என்பது இந்த வேகத்தை மாற்றாது, ஏனெனில் திணிவு சமன்பாட்டின் இரு பக்கத்திலும் இருப்பதால் நீங்கிவிடுகிறது. பாதி உயரத்திலேயே கல் 113 என்ற வேகத்தை எட்டிவிடும். மீதிப் பாதி உயரம் முழுவதும் செலவாகி 47 மட்டுமே கூடுகிறது. வேகம் கூடக் கூட, மேலும் ஒரு கிலோமீற்றரைக் கூட்டுவதற்கு ஆகும் சக்தி ஏறிக்கொண்டே போகிறது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது. காருக்கும் இதுவே விதி: 60இலிருந்து 70க்குப் போக வேண்டிய சக்தி, ஓய்விலிருந்து 30க்குப் போக வேண்டிய சக்தியைவிடக் கூடியது.

இயக்கசக்திக்குத் திசை கிடையாது. கிழக்கே ஓடினாலும் மேற்கே ஓடினாலும் வேகத்தின் வர்க்கம் ஒன்றே. அது மறைப் பெறுமானம் எடுப்பதும் இல்லை. ஆனால் யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து அது மாறும். திருகோணமலையிலிருந்து கொழும்பு செல்லும் புகையிரதத்தில் இருக்கையின் மேல் வைத்த ஒரு கிலோகிராம் தண்ணீர்ப் போத்தலுக்கு, பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் கணக்கில் இயக்கசக்தி இல்லை. தண்டவாளத்தின் ஓரமாக நிற்பவரின் கணக்கில், புகையிரதம் மணிக்கு 54இல் ஓடினால், நூறு யூலுக்கு மேல் உண்டு. இருவரும் சரியாகவே சொல்கிறார்கள்.

ஏகாம்பரம் மைதானத்தில் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இன்னொரு பயன்பாடும் கண்ணில் படும். 160 கிராம் தோற்பந்து செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் வரும்போது அதன் இயக்கசக்தி 32 யூல். கையை விறைப்பாக வைத்து 10 சென்ரிமீற்றருக்குள் அதை நிறுத்தினால் உள்ளங்கை சராசரி 320 நியூற்றன் விசையைத் தாங்க வேண்டும். கையைப் பின்னால் இழுத்து 30 சென்ரிமீற்றருக்குள் நிறுத்தினால் விசை மூன்றிலொன்றாகிவிடும். பந்தின் வேகம் இரட்டித்து மணிக்கு 144 கிலோமீற்றரானால் அதே பிடிக்கு 128 யூலை உறிஞ்ச வேண்டும்.

இதுவரை பார்த்தவை எல்லாம் ஒரே துண்டாக நகரும் திண்மங்கள். காற்றிலும் நீரிலும் வேகத்தின் செல்வாக்கு இன்னும் ஒரு படி உயர்கிறது. ஒரு கனமீற்றர் காற்றின் திணிவு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். ஒரு சதுரமீற்றர் அளவுள்ள யன்னல் ஒன்றினூடாகச் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் காற்று வீசினால், ஒரு செக்கனில் 12 கிலோகிராம் காற்று அதனூடாகச் செல்லும். அது கொண்டுவரும் இயக்கசக்தி 600 யூல். கச்சான் காற்று ஓங்கி வீசும் ஒரு பிற்பகலில் நாங்கள் உணரும் வேகம் இந்த அளவில்தான் இருக்கும். காற்றின் வேகம் 20 ஆனால், ஒவ்வொரு கிலோகிராமிலும் உள்ள சக்தி நான்கு மடங்காவதோடு, ஒரு செக்கனில் வந்து சேரும் காற்றின் திணிவும் இரு மடங்காகிறது. எனவே செக்கனுக்கு 4,800 யூல், எட்டு மடங்கு. 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கியது போன்ற கடும் புயல்களில் காற்று செக்கனுக்கு 40 மீற்றரையும் தாண்டக்கூடும். 40 மீற்றரிலேயே அந்த ஒரு சதுரமீற்றருக்குள் செக்கனுக்கு 38,400 யூல் பாய்கிறது, அதாவது கச்சானைப் போல் 64 மடங்கு. காற்றாலைகளை நிறுவும் பொறியியலாளர்கள் ஓர் இடத்தின் காற்று வேகத்தை மாதக்கணக்கில் அளந்த பிறகே முடிவெடுப்பதும் இதனால்தான்: வேகம் கால்பங்கு கூடிய இடத்தில், கிடைக்கக்கூடிய வலு, அதாவது ஒரு செக்கனில் கிடைக்கும் சக்தி, ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது.